சோம்பல் அல்ல, நோய்

பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பையன். பதினொன்றில் மார்க் குறைகிறது. பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். கூட்டாளிகள் வந்து கூப்பிட்டால் கதவைத் திறப்பதில்லை. குளிப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறான். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறான். அப்பா 'திமிரு' என்கிறார். வாத்தியார் 'சேர்க்கை சரியில்லை' என்கிறார். பாட்டி, 'காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாருங்க' என்கிறாள். ஒரு வருடம் கழிந்து, அம்மா சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று சொல்லி அவன் தட்டைத் தள்ளுகிற அன்றைக்குத்தான் வீடு விழித்துக்கொள்கிறது.

எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல இது. மனச்சிதைவு நோய் வளரும் பருவத்தில் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஸ்கிஸோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. எரிச்சல், தனிமை, தூக்கக் கெடுதல் எல்லாமே விடலைப் பருவத்தின் இயல்பு என்று பெரியவர்கள் நினைக்கிற வயது அது. உள்ளே நடப்பதைச் சொல்லப் பிள்ளைக்கும் வார்த்தை கிடைப்பதில்லை. அதனால் நோய் தலைகாட்டியதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவற்றில் அந்த இடைவெளியும் ஒன்று. பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. தாமதத்தைக் குறைக்க முடியும்.

இந்தத் தாமதம் எல்லா ஊரிலும் உண்டு. மூணாறு போன்ற இடத்தில் அதற்குக் காரணங்கள் கொஞ்சம் கூடுதல். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுக்காவில் உள்ள இந்தத் தேயிலை மலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வாசம் லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

'பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று லயத்துப் பையன் ஒருவன் சொன்னால் யாரும் பதறமாட்டார்கள். பேசியிருக்கலாம், கேட்டும் இருக்கும். நோயையும் நிஜத்தையும் எப்படிப் பிரிப்பது? பக்கத்து வீட்டார் ஊருக்குப் போயிருக்கும்போதும் அந்தப் பேச்சு கேட்கிறதா? ஆளில்லாத தேயிலைக் காட்டில் தனியாக நடக்கும்போதும் கேட்கிறதா? அவன் நினைப்பதை நினைத்தவுடனே அந்தக் குரல் திருப்பிச் சொல்கிறதா? 'இப்போ எந்திரிக்கிறான், இப்போ சாப்பிடுறான்' என்று வர்ணனை செய்கிறதா? 'ஆமாம்' என்பது பதிலானால், டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. இப்படிக் கேட்கும்போது குரலில் கேலியோ அதட்டலோ இருக்கக்கூடாது. 'எப்போதிலிருந்து கேக்குது தம்பி? பயமா இருக்கா?' என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இளமையில் வரும் நோய்

இந்த நோய் முதலில் பெற்ற பெயரிலேயே இளமை இருந்தது. ஜெர்மன் மருத்துவர் ஈமில் கிரேப்பலின் 1890-களில் இதை 'இளவயதிலேயே வரும் அறிவுச் சிதைவு' என்ற பொருளில் லத்தீனில் அழைத்தார். அறிவு சிதைவதில்லை என்று கண்டு, 1908-ல் ஸ்கிஸோஃப்ரினியா என்ற பெயரைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் யூஜன் ப்ளாய்லர். ஒரே உடம்பில் இரண்டு ஆள் இருப்பது என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். 1993-ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழு'ம் அதன் வழியில் 2005-ல் வந்த தமிழ்ப் படம் 'சந்திரமுகி'யும் காட்டியது வேறு ஒரு கோளாறு. மனச்சிதைவில் ஆள் மாறுவதில்லை. எண்ணமும் உணர்ச்சியும் புலனறிவும் ஒன்றோடொன்று கோவையாக ஓடாமல் அறுபடுகின்றன.

வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் வருபவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். ஆண்களில் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், பெண்களில் சில ஆண்டுகள் தள்ளியும் அதிகமாகத் தொடங்குகிறது. 13 வயதுக்கு முன்பு வருவது மிக அபூர்வம். 40,000 குழந்தைகளில் ஒருவருக்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆகவே எட்டு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரியாத தோழியோடு பேசினால் பயப்பட வேண்டியதில்லை. 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 17 சதவிகிதம் பேர் குரல் கேட்பது போன்ற ஏதாவது ஓர் அனுபவத்தைச் சொன்னது தெரியவந்தது. 13 முதல் 18 வயதில் இது 7.5 சதவிகிதம். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். குரல் விடாமல் தொடர்ந்து, படிப்பும் பழக்கமும் சரிந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏன் வருகிறது? வளர்ப்புக் குற்றம் அல்ல. காதல் தோல்வியோ பரீட்சைத் தோல்வியோ மட்டுமே இதைக் கொண்டுவருவதும் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்ற அளவுக்கு ஏறுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவே. எனவே பரம்பரை ஒரு பங்கு. பரம்பரை மட்டுமே அல்ல.

மூளையில் நடப்பதை மூணாறுக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்கிறார்கள். வளரும் பருவத்தில் மூளையும் தன் நரம்பு இணைப்புகளில் வேண்டாதவற்றை வெட்டிக் கழித்துச் சீராகிறது. மனச்சிதைவில் இந்தக் கவாத்து அளவுக்கு மீறிப்போகிறது என்ற கருத்தை 1982-ல் இர்வின் ஃபைன்பர்க் முன்வைத்தார். இந்த வெட்டுதலில் பங்குள்ள சி-4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதுவே முழு விளக்கம் அல்ல. ஆனாலும் நோய் ஏன் அந்த வயதில் வருகிறது என்பதற்கு ஒரு வழிகாட்டி.

கஞ்சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுக்கி மலைகளில் அந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது. ஸ்வீடனில் ராணுவப் பதிவுக்கு வந்த 45,000-க்கும் அதிகமான இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987-ல் வெளியான ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு இருந்தது. இளவயதில் தொடங்குவது ஆபத்து என்று பிந்தைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் நோய் வந்த பிள்ளைகள் எல்லோரும் கஞ்சா தொட்டவர்கள் அல்ல. 'கஞ்சா கேஸ்' என்று முத்திரை குத்தி அடிப்பதால் நோய் இன்னும் சில மாதங்கள் மறைந்திருக்கும், வேறு பலன் இல்லை.

வேறு நோய்கள் இதே வேஷம் போடுவதும் உண்டு. சில நாட்களிலேயே பிள்ளை தலைகீழாக மாறி, கூடவே ஜுரம், வலிப்பு, வாய் கோணி அசைதல், நினைவு தப்புதல் என்று வந்தால் அது மூளை அழற்சியாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அப்படியொரு அழற்சியை 2007-ல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்தார்கள். இளம்பெண்களைத்தான் அதிகம் தாக்குகிறது. தக்க சிகிச்சை உண்டு. கை நடுக்கத்தோடு வரும் வில்சன் நோய், தைராய்டு கோளாறு, கடுமையான மனச்சோர்வு இவையும் பட்டியலில் உண்டு. அதனால்தான் முதல் பரிசோதனையில் ரத்தமும் நரம்பு மண்டலமும் பார்க்கப்பட வேண்டும்.

தாமதத்தின் வேர்கள்

2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ், தமிழ்நாடும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதாவது மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 70-லிருந்து 92 சதவிகிதம்.

மூணாறில் இந்தக் கணக்குக்குப் பின்னால் நிற்பது கூலிக் கணக்கு. தோட்ட வேலை நாள்கூலி. பிள்ளையை டவுனுக்குக் கூட்டிப்போனால் அன்றைய சம்பளம் போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் போடிமெட்டு இறங்கித் தேனி. இந்தப் பக்கம் அடிமாலி, அதையும் தாண்டினால் கோட்டயம். மருத்துவக் கல்லூரி எந்தத் திசையிலும் அருகில் இல்லை. அடுத்து மொழி. எலும்பு முறிவைப் படம் பிடித்துப் பார்க்கலாம்; மனச்சிதைவைப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் குரல் கேட்கும் பிள்ளை மலையாளம் பேசும் டாக்டருக்கு அதை விளக்குகையில் பாதி உதிர்ந்துபோகும். கூடப் போகும் அம்மா, இரண்டு மொழியும் தெரிந்த நர்ஸ் அல்லது ஆசிரியர் ஒருவரை அழைத்துப்போவது வீண் செலவாகாது.

பிறகு வெட்கம். 'கீழ்ப்பாக்கம்' என்பது தமிழ்நாட்டில் ஏச்சு; கேரளத்தில் அதே வேலையை 'ஊளம்பாறை' செய்கிறது. எல்லை மலையில் வாழும் பிள்ளைக்கு இரண்டு ஏச்சும் கிடைக்கும். வீட்டைப் பற்றிய பயம் இன்னொன்று. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மகன் வேலைக்குப் போவான், வீடு நிற்கும் என்று இருக்கும் குடும்பத்துக்கு, அவனுக்கு நோய் என்று ஒப்புக்கொள்வது காலடி மண்ணையே விட்டுக்கொடுப்பது போல. நோயை மறைப்பது அறியாமையால் மட்டும் அல்ல.

சாமியிடம் போவதையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, அவர்களின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்ததாகக் கண்டது. பாதுகாப்பான, அமைதியான, அதட்டல் இல்லாத இடம் என்பதே பலனுக்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். விபூதி பூசிக்கொள்ளுங்கள், தாயத்து கட்டிக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், சங்கிலியைத் தொடாதீர்கள் என்பதே நியாயமான அறிவுரை.

தாமதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நார்வேயின் ரோகாலாந்து மாகாணம் சாட்சி. 1997-லிருந்து 2000 வரை அங்கே பத்திரிகை, வானொலி விளம்பரங்கள் மூலமும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் நோயின் ஆரம்ப அடையாளங்களை ஊரறியச் செய்தார்கள். அழைத்தவுடன் வந்து பார்க்க ஒரு குழுவும் இருந்தது. சிகிச்சை இல்லாமல் கழியும் காலம், நடுமதிப்பாக, 5 வாரத்துக்கு இறங்கியது. விளம்பரத்தை நிறுத்தியதும் மீண்டும் 15 வாரம் ஆயிற்று. மருந்தில் மாற்றமில்லை, ஊருக்குத் தெரிந்ததும் தெரியாததும்தான் வித்தியாசம்.

மாத்திரையும் மற்றவையும்

சிகிச்சையின் அஸ்திவாரம் மருந்துதான். வளர் இளம் பருவத்தினருக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரஸோல் போன்றவை குறைந்த அளவில் தொடங்கப்படுகின்றன. தூக்கமும் பதற்றமும் சில நாட்களில் சீராகலாம்; குரல் அடங்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். 'பத்து நாள் குடுத்தோம், கேக்கலை' என்று நிறுத்துவது பெரிய தவறு. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லை என்றால் க்ளோஸபின் இருக்கிறது. குழந்தைப் பருவ நோயில் அது பழைய மருந்தான ஹாலோபெரிடாலைவிட நன்றாக வேலை செய்வதை 1996-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வு காட்டியது. அதற்கு அடிக்கடி ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும்.

பக்க விளைவுகளைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் நின்றுபோகும் சிகிச்சை அதிகம். சில மருந்துகளில், முதல் சில நாட்களில், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், நாக்கு புரளாது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஊசி ஒன்று போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் 'மருந்து பிள்ளையைக் கோணலாக்கிருச்சு' என்ற செய்தி லயம் முழுக்கப் பரவிவிடும். ஓலன்ஸபின் உடம்பைப் பெருக்கவைக்கிறது. 2008-ல் வெளியான, வளரும் பருவத்தினரிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வில் இந்தக் காரணத்துக்காகவே அதை நடுவில் நிறுத்தினார்கள். ரிஸ்பெரிடோன் எடுக்கும் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நிற்கலாம், மார்பில் பால் சுரக்கலாம். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுவாள். டாக்டரே கேட்க வேண்டும். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தொந்தரவு வந்தால் அளவையோ மருந்தையோ மாற்றலாம், தானாக நிறுத்தக்கூடாது. முதல் தடவை நோய் வந்து குணமானவர்களை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்த 1999 ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்கு.

மருந்து மட்டும் போதாது. அமெரிக்காவில் 404 பேரை வைத்து நடந்து, 2015-ல் முடிவு வெளியான ஆய்வில், குறைந்த அளவு மருந்து, குடும்பத்துக்கு விளக்கம், பேச்சு சிகிச்சை, படிப்புக்கும் வேலைக்கும் உதவி நான்கும் சேர்ந்து கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சிகிச்சைக்கு முன் 74 வாரங்களுக்கும் குறைவாகக் காத்திருந்தவர்களுக்கே பலன் கூடுதல். தாமதத்தின் விலை இதுதான்: நல்ல சிகிச்சை கிடைத்தாலும் அதன் பலன் தேய்ந்துவிடுகிறது.

குடும்பத்தின் பங்கு பெரிது. ஓயாத குற்றச்சாட்டும் அதட்டலும் உள்ள வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1970-களில் லண்டனில் கண்டார்கள். 1987-ல் சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நம் வீடுகளில் அந்தக் கடுமை குறைவாக இருந்தது. நம்மிடம் உள்ள சொத்து அது. 'இல்லாத குரலைக் கேக்கிறேன்னு பொய் சொல்றியா?' என்று வாதாடுவதும் தவறு, 'ஆமா, எனக்கும் கேக்குது' என்று ஒத்து ஊதுவதும் தவறு. 'உனக்குக் கேக்குதுன்னு தெரியுது, எனக்குக் கேக்கலை. ஆனா நான் கூட இருக்கேன்' என்பது போதும். செத்துவிடலாம் என்று பிள்ளை பேசினால் அலட்சியம் கூடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள்.

உதவி எங்கே? கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 14 மாவட்டங்களிலும் இயங்குகிறது. அதன் குழு குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறது. மருந்துக்குக் காசு இல்லை. எந்த நாளில், எங்கே என்பதை ஆஷா ஊழியரிடமோ தோட்ட மருத்துவமனையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு எண் 14416. கட்டணம் இல்லை, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த நோய்க்கென்றே நாற்பது ஆண்டுகளாக இயங்குகிறது. சென்னையில் 1981-லிருந்து பின்தொடரப்பட்ட 90 பேரின் வரலாறு, இந்நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியது. பத்தாண்டு முடிவில் பெரும்பாலோரிடம் கடுமையான அறிகுறிகள் அடங்கியிருந்தன. இளவயதில் தொடங்கும் நோய் இன்னும் பிடிவாதமானது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அதற்கு ஆதரவும் அதிகமாக வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே தங்கலாம். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலி போடுவது யாருக்கும், எங்கும் குற்றம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. சான்றிதழ் பெற்றால் அரசு உதவிகளுக்கு வழி உண்டு.

கடைசியாக, குணமான பிறகு என்ன? படிப்பு விட்டுப்போன பிள்ளையை ஒரு வருடம் தாமதமாகவேனும் வகுப்பில் உட்காரவைப்பதும், பாடச் சுமையைக் கொஞ்சம் குறைப்பதும் மாத்திரை அளவுக்கு முக்கியம். பள்ளி முடியாவிட்டால் வேலை. மூணாறில் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக 1991-ல் தொடங்கிய ஸ்ருஷ்டி மையத்தில் பள்ளிக்கூடம், கையால் காகிதம் செய்யும் அதுல்யா, இயற்கைச் சாயம் போடும் ஆரண்யா, ஸ்ட்ராபெரி ஜாம் தயாரிப்பு என்று பல பிரிவுகள் உருவாயின. மனச்சிதைவுக்கென்று தொடங்கியவை அல்ல அவை. ஆனால் 'இவனால் என்ன ஆகும்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை அளவான வேலையும் பொறுமையான மேற்பார்வையும் இருந்தால் சம்பளம் வாங்குவான் என்பதை அதே மலையில் காட்டியவை. மனநோயிலிருந்து மீளும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு கதவு திறந்தால், நோயை மறைக்க வேண்டிய கட்டாயம் குடும்பத்துக்குக் குறையும்.

அதுவரை செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். நன்றாக இருந்த பிள்ளை ஆறு வாரமாகச் சரிந்துகொண்டே போகிறதா? தூக்கம், குளியல், படிப்பு, சிநேகிதம் நான்கும் ஒன்றாகக் கெட்டிருக்கிறதா? காரணம் நோயாக இல்லாமல் போகலாம். போனால் ஒரு நாள் சம்பளம் நஷ்டம். நோயாக இருந்து காத்திருந்தால் நஷ்டப்படுவது அந்தப் பிள்ளையின் வருடங்கள்.